என் கதைக்குள் நீங்கள் வைத்த தங்கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்

தமிழ் இலக்கிய இதழ்களின் ஆசிரியர்களுக்கும், பதிப்பாளர்களுக்கும், பொது நூலகங்களுக்கு நூல்களைத் தேர்ந்து பட்டியலிடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய இதழில் என் சிறுகதை ஒன்று வெளிவந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் ஒரே அறையில் பதினோரு ஆண்டுகள் சேர்ந்து வாழ்கிறார்கள். ஒருத்தியின் அண்ணன் வந்து அவளை ஊருக்கு அழைத்துப்போவதற்கு முந்தின இரவைப் பற்றிய கதை அது. நான் அனுப்பிய பிரதியில், ‘அவள் கழுத்தடியில் முகம் புதைத்தபடி விடியும்வரை விழித்திருந்தேன்’ என்று ஒரு வரி இருந்தது. அச்சில் அந்த வரி, ‘உடன்பிறவாத் தங்கையை அணைப்பதுபோல் அவளை அணைத்துக்கொண்டு அழுதேன்’ என்று மாறியிருந்தது. அதற்கு முன்னால் இருந்த இரண்டு பத்திகளையே காணோம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது ஆசிரியர் கோபப்படவும் இல்லை, கனிவாகவே பேசினார். “கதை நல்ல கதைம்மா. அதைக் காப்பாத்தத்தான் அப்படிச் செஞ்சேன். எப்படியும் வாசகர்கள் தோழமைன்னுதான் எடுத்துக்குவாங்க” என்றார்.

எனக்குத் தங்கை கிடையாது. நான் எழுதிய பெண்ணுக்கும் கிடையாது.

இது ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட தவறு என்றால் அவருக்கே கடிதம் எழுதி முடித்திருப்பேன். இருபது ஆண்டுகளாகப் பெண்ணைக் காதலிக்கும் பெண்களின் கதைகளை எழுதி, உங்களில் பலருக்கும் அனுப்பிவந்திருக்கிறேன். பெரும்பாலும் பதில் வராது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, சிற்றிதழ் நடத்துவதின் சிரமம் எனக்குத் தெரியும். வந்த பதில்களில் சில, ‘பால்புதுமையர் (குயர்) சிறப்பிதழ் கொண்டுவரும்போது பார்க்கலாம்’ என்றன. அந்தச் சிறப்பிதழ் வந்ததே இல்லை. மற்றவை, ‘சற்று மாற்றினால் போடலாம்’ என்றன. மாற்றவேண்டியது எது என்று கேட்டால், நடையோ கட்டமைப்போ அல்ல, எப்போதும் அந்த ஒரே இடம்தான். அகப்பாடல்களில் தோழி என்பவள் எல்லாம் அறிந்தவள், அறிந்ததை உரிய இடத்தில் சொல்லவும் தெரிந்தவள். உங்கள் திருத்த மேசையிலோ அவள் ஒரு திரைச்சீலை.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. என் கதையைத் திருத்திய அதே இதழ், சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பெண்களின் காதலைப் பற்றிய ஓர் ஐரோப்பியச் சிறுகதையின் மொழிபெயர்ப்பை ஒரு சொல்லும் நீக்காமல் வெளியிட்டது. அது துணிச்சலான எழுத்து என்று ஆசிரியர் குறிப்பும் சேர்த்திருந்தது. அந்தக் கதையில் வரும் பெண்கள் பனி பெய்யும் ஊரில், நமக்குப் பரிச்சயமில்லாத பெயர்களோடு வாழ்கிறார்கள். அவர்கள் முத்தமிட்டுக்கொண்டால் உலக இலக்கியம். பல்லடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஷிஃப்டுக்கு வரும் பெண்கள் அதைச் செய்தால் மட்டும் நம் வாசகருக்குப் புரியாது, நம் பண்பாட்டில் இப்படியில்லை, பாத்திரங்கள் நம்பும்படியாக இல்லை என்று காரணங்கள் வரிசைகட்டி வருகின்றன. அந்த அறையில் நான் வாழ்ந்திருக்கிறேன் என்று சொன்னபிறகும் நம்பகத்தன்மை பற்றி எனக்கு வகுப்பெடுத்தவர்கள் உண்டு.

இப்படி ஒவ்வொரு கதையாகத் தங்கையாக்கப்படுவதால் நேரும் இழப்பு, எழுதியவளுடையது மட்டுமல்ல. தேடிவருகிறவளுக்கு எதுவும் கிடைக்காமல் போகிறது. பத்தொன்பது வயதில், எங்கள் மாவட்ட மைய நூலகத்தில், யாரிடம் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது என்று தெரியாமல் ஒரு கோடை விடுமுறை முழுவதும் நான் அலமாரி அலமாரியாகத் தேடினேன். கிடைத்தது ஓர் உளவியல் பாடநூல். அதில் என்னைப்போன்றவர்களுக்கு ‘பாலியல் பிறழ்வுகள்’ என்ற தலைப்பின்கீழ் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கதை, கவிதை அலமாரிகளில் எனக்காக ஒன்றும் இல்லை என்று அன்று முடிவுசெய்தேன். அது தவறான முடிவு. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, அதே நூலகத்தில், வேறு எதையோ எடுக்கப்போய், பெண் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றைப் புரட்டியபோது நடுவில் ஒரு கவிதை இருந்தது. ஒருத்தி இன்னொருத்தியின் தலைமுடியை உலர்த்துகிறாள், அவ்வளவுதான். ஆனால் வாசிக்கிற எனக்கு அது என்னவென்று தெரிந்தது. அந்தப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த தேதிச்சீட்டின்படி, நான் தேடித்திரிந்த அந்தக் கோடையிலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

நூலகத்தாரே, இந்த இடத்தில் நான் உங்களிடம் பேசவேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது நான்காவது. என் ஏழெட்டு ஆண்டுகளை யார் கணக்கில் வைப்பது?

காரணம் கெட்ட எண்ணம் அல்ல, பட்டியலாக்கும் முறை என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. அதன்பின் வரும் இலக்கம் வடிவத்தைச் சொல்லும், 894.8111 என்றால் கவிதை, 894.8113 என்றால் புனைகதை. ஒரு தொகுப்பு யாரைப் பற்றியது என்பதை அந்த எண் சொல்லாது. சமூகவியல் நூலாக இருந்தால் தன்பாலீர்ப்புப் பெண்களுக்கென 306.7663 என்ற எண் இருக்கிறது. கதையாக இருந்தால் அந்தக் கதவு திறக்காது. (அந்த எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. இதே பகுப்பு முறையின் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தப் பொருள் மனக்கோளாறுகளின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. நான் உளவியல் அலமாரியில் என்னைக் கண்டது தற்செயல் அல்ல.) ஆகவே புனைகதையைக் கண்டுபிடிக்க வாசகருக்கு உள்ள வழி, பட்டியல் பதிவில் சேர்க்கப்படும் பொருள் தலைப்புகள்தாம். நான் பார்த்த நூலகக் கணினிப் பட்டியல்களில் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளுக்கு ‘தமிழ்ச் சிறுகதைகள்’ என்பதற்குமேல் ஒரு சொல் சேர்த்திருந்ததைக் கண்டதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் கன்னிமாரா நூலகத்துக்கு வந்து சேரவேண்டும். ஆகவே நான் தேடும் கதைகளில் பல அங்கே ஏதோ ஒரு தளத்தில் பத்திரமாக இருக்கக்கூடும். இருந்தும், தெரிந்தவருக்கு மட்டுமே அவை கிடைக்கும். தெரியாதவர்தானே தேடுகிறார்?

பொது நூலகங்களுக்காக விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். அந்தச் சட்டத்தின் வழியாகச் சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறீர்கள். என் துணைவியும் நானும் வாழும் வீட்டுக்கு நாங்கள் அதைத் தவணை தவறாமல் கட்டிவருகிறோம். எங்களைப் பற்றிய புத்தகத்தை எங்களால் கண்டுபிடிக்க முடியவேண்டும் என்று கேட்பது சலுகை ஆகாது.

கண்டுபிடிக்கும் வழியை வேறு இடங்களில் எப்படி உண்டாக்கினார்கள் என்பதைப் பார்த்தால், அதற்குப் பெரும் பணமோ அரசின் கருணையோ தேவைப்படவில்லை என்று தெரிகிறது. அமெரிக்காவில் ஜெனட் ஃபாஸ்டர் என்ற நூலகர், இலக்கியத்தில் பெண்ணை நேசித்த பெண்களைப் பற்றிப் பல்லாண்டுகள் தேடித் தொகுத்ததை வெளியிட ஆளில்லாமல், 1956இல் தன் கைக்காசைப் போட்டு அச்சிட்டார். அவர் காட்டிய வழியில் பார்பரா கிரியர் 1967இல் ஒரு நூற்பட்டியலைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நூலுக்கும் எதிரே ஓர் எழுத்து: இந்தக் காதல் அந்தக் கதையின் மையமா, ஓரமா, வெறும் குறிப்பா என்று வாசகி ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம், படிக்கத் தகாத குப்பை என்றால் அதற்கும் தனியாக ஓர் எழுத்து. அந்தக் குப்பைக் குறியை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்; குப்பையையும் பட்டியலில் வைத்த நேர்மை அது. அதே கிரியர் 1973இல் தன் துணைவியோடு சேர்ந்து நாயட் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். 1976இல் வட கரோலினாவில் இரண்டு பெண்கள் தொடங்கிய ‘சினிஸ்டர் விஸ்டம்’ என்ற இலக்கிய இதழ் இன்றும் வருகிறது. அதன் பழைய இதழ்களை யாரும் இணையத்தில் வாசிக்கலாம். பட்டியல் முதலில், பதிப்பகம் அடுத்து என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டுகிறேன். தனக்கு முன்னால் யார் எழுதினார்கள் என்று தெரிந்தவள்தான் அடுத்த கதையை நம்பி எழுதுவாள்.

அது அமெரிக்கா என்பீர்கள். சரி, இங்கேயே வருவோம். இஸ்மத் சுக்தாய் உருதுவில் ‘லிஹாஃப்’ எழுதியது 1942இல். ஆபாச வழக்குக்காக லாகூருக்குப் போய் நின்று வென்றும் வந்தார். மலையாளத்தில் வி.டி. நந்தகுமாரின் ‘ரண்டு பெண்குட்டிகள்’ 1974இல் வந்தது. மாதவிக்குட்டியின் ‘சந்தனமரங்கள்’ 1988இல் வந்தது. மும்பையில் ஸ்த்ரீ சங்கம் என்று தொடங்கிப் பின்னர் லேபியா என்று பெயர் மாற்றிக்கொண்ட குழுவினர் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற இதழை நடத்தினார்கள். 1999இல் கொல்கத்தாவில் தொடங்கிய சாஃபோ அமைப்பினர் ‘ஸ்வகண்டே’ என்ற இதழை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார்கள். அதே 1999இல் அஷ்வினி சுக்தங்கர் தொகுத்த ‘ஃபேசிங் தி மிரர்’ என்ற இந்திய லெஸ்பியன் எழுத்துகளின் தொகுப்பைப் பெங்குவின் வெளியிட்டது. அதில் எழுதியவர்கள் பலர் புனைபெயரில்தான் எழுதினார்கள், பதிப்பகம் அதற்காக அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தமிழில் இப்படி ஒரு தொகுப்பு என் கைக்கு வந்ததில்லை. என்னிடம் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த இதழ், எந்த மாதம், எந்தப் பக்கம், காதல் தெரிகிறதா அல்லது வரிகளுக்கு இடையில் ஒளிந்திருக்கிறதா என்று நானே குறித்துவைத்த நோட்டு. அதைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துப்போன இளம்பெண்கள் உண்டு. ஒரு மொழியின் பட்டியல் ஒரு தனியாளின் கைப்பையில் இருப்பது உங்களுக்கு நெருடவில்லையா?

இணையத்தில் இந்தச் சுமையைத் தன்னார்வலர்கள் தூக்குகிறார்கள். சென்னையில் 2003இல் உருவான ஓரினம் குழுவினர் தங்கள் தளத்தில் தமிழ்ப் படைப்புகளுக்கு இடம் கொடுக்கிறார்கள். குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் 2018 முதல் பால்புதுமையர் இலக்கிய விழா நடத்தியிருக்கிறது, தமிழில் நூலும் வெளியிட்டிருக்கிறது. அங்கேதான் நான் முதன்முதலாக என் கதையை மேடையில் வாய்விட்டு வாசித்தேன். ஆனால் அவர்கள் இருக்கிறார்கள் என்பதே உங்களில் சிலருக்கு வசதியாகிவிட்டது. ‘உங்களுக்கென்றுதான் ஒரு இடம் இருக்கிறதே, அங்கே அனுப்பலாமே’ என்று ஓர் ஆசிரியர் எனக்கு எழுதினார். என் கதையை அவர்கள் மட்டும் வாசிக்கவேண்டும் என்று நான் எழுதவில்லை. அந்த அண்ணனும் வாசிக்கவேண்டும் என்றுதான் எழுதினேன்.

சட்டச் சிக்கல் வரும் என்ற அச்சத்தைப் பதிப்பாளர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து வயது வந்தோரின் ஒப்புதலோடு கூடிய உறவை விலக்கிவிட்டது. மதுரையிலிருந்து வீட்டாருக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதினார். எழுதுமுன் இந்தப் பொருளில் தனக்குப் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் போய் அமர்ந்து கற்றுக்கொண்டதையும் வெளிப்படையாகச் சொன்னார். எங்களை எந்தச் சொற்களால் கண்ணியமாகக் குறிப்பிடுவது என்பதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. இதற்குப் பிறகும் ‘ஓரினச்சேர்க்கை’ என்று அச்சிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து வாழும் வாழ்க்கை முழுவதையும் கட்டிலாகச் சுருக்கிவிடும் சொல் அது. நீதிபதி கற்றுக்கொண்டதை ஓர் இலக்கிய ஆசிரியர் கற்கக்கூடாதா? ஆபாசம் பற்றிய சட்டப்பிரிவும் இலக்கியத்துக்கு விலக்கு அளித்தே எழுதப்பட்டிருக்கிறது. பெருமாள்முருகன் வழக்கில் 2016 ஜூலை 5 அன்று வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்போ, நூல் பிடிக்காதவர் அதைத் தூக்கி எறியலாம், யாரும் கட்டாயப்படுத்தி வாசிக்கச் சொல்லவில்லை என்ற அளவுக்குத் தெளிவாகப் பேசியது.

விற்காது என்ற காரணத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007இல் தமிழில் வந்தது. ஆங்கிலத்துக்கும் கன்னடத்துக்கும் போனது. கன்னடத்தில் அதைத் தழுவி வந்த திரைப்படம் தேசிய விருது பெற்றது. சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் தம் உடலை எழுதியபோது மேடைபோட்டு வசைபாடியவர்களின் பேச்சை இன்று யார் தேடி வாசிக்கிறார்கள்? கவிதைகள் இருக்கின்றன.

புனைபெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘இயற்பெயர், முகவரி, புகைப்படம் இல்லாத படைப்புகள் பரிசீலிக்கப்படா’ என்ற அறிவிப்பு உங்களில் பலருடைய இதழ்களில் இருக்கிறது. திருட்டுப் படைப்புகளைத் தடுக்கத்தான் என்று நினைக்கிறேன். அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ரங்கராஜன் என்ற பொறியாளர் தன் மனைவியின் பெயரில் சுஜாதாவாக எழுதியபோதும், ஸ்ரீ வேணுகோபாலன் புஷ்பா தங்கதுரையானபோதும் தமிழ்ப் பத்திரிகை உலகம் இடிந்து விழவில்லை. ஆண்கள் பெண் பெயரை விளையாட்டாகவோ வணிகத்துக்காகவோ சூடிக்கொள்ளலாம், உயிருக்கும் வேலைக்கும் அஞ்சி ஒரு பெண் தன் பெயரை மறைத்தால் மட்டும் அடையாள அட்டை வேண்டுமா? பெயர் தெரியாதவர்களின் பாட்டை நம் முன்னோர் குப்பையில் போடவில்லை. செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று பாட்டின் தொடரையே பெயராக்கிக் குறுந்தொகையில் அடுத்தடுத்து உட்காரவைத்தார்கள்.

இந்த விதி இலங்கையிலிருந்து எழுதும் பெண்ணுக்கு இன்னும் கொடியது. அந்நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்திருந்தது. 1995இல் அதைத் திருத்தியவர்கள், பிரிவை நீக்குவதற்குப் பதிலாக, ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு யாரையும் குறிக்கும்படி மாற்றினார்கள். பாலினச் சமத்துவம் பெண்களுக்கு இப்படியும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து ஒருத்தி தன் காதலைக் கவிதையாக்கி, படத்தோடும் முகவரியோடும் சென்னைக்கு அனுப்பவேண்டும் என்று நீங்கள் கேட்பது என்னவென்று யோசித்துப் பார்த்தீர்களா?

முகவரி விஷயத்தில் சிறு கவனக்குறைவும் எவ்வளவு செய்யும் என்பதை நான் பட்டிருக்கிறேன். என் கதை ஒரு தொகுப்பில் வந்தபோது, பதிப்பகத்திலிருந்து எழுத்தாளருக்குரிய பிரதிகளை நான் கேட்காமலே கூரியரில் என் பெற்றோர் வீட்டு முகவரிக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் நான் எழுதியது அது. உறையின்மேல் என் இயற்பெயரும், அடைப்புக்குறிக்குள் என் புனைபெயரும், கீழே நூலின் பெயரும். அண்ணி பிரித்தார். அதன்பிறகு அந்த வீட்டுக்கு நான் போக நான்கு ஆண்டுகள் ஆயின. அனுப்பியவர் அன்போடுதான் அனுப்பினார், அதில் எனக்கு ஐயமே இல்லை.

நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

இதழாசிரியர்களே, எங்கள் படைப்பு பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள். எழுதியவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் உறவின் பெயரை மாற்றாதீர்கள். பெண்ணைக் காதலிக்கும் பெண்களின் கதைகளையும் கவிதைகளையும் வரவேற்கிறோம் என்ற ஒற்றை வரியை உங்கள் படைப்பு அழைப்பில் சேருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்து அனுப்பக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். புனைபெயரை ஏற்றுக்கொள்ளுங்கள். இயற்பெயர் தேவையென்றால் ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் அது இருக்கட்டும், உதவியாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். சிறப்பிதழுக்காக எங்களைக் காக்கவைக்காமல், சாதாரண மாதத்தின் சாதாரண இதழில் போடுங்கள்.

பதிப்பாளர்களே, பழைய இதழ்களில் சிதறிக்கிடக்கும் கதைகளையும் கவிதைகளையும் உரியவர்களின் அனுமதியோடு திரட்டி ஒரு தொகுப்பைக் கொண்டுவாருங்கள். என் நோட்டை உங்களில் யார் கேட்டாலும் பணம் வாங்காமல் தருகிறேன். எழுதியவர் சம்மதித்தால், பின்னட்டையில் ‘ஆழமான நட்பின் கதைகள்’ என்று மழுப்பாமல் இவை காதல் கதைகள் என்று எழுதுங்கள். ஐஎஸ்பிஎன் பெறும்போதும் விற்பனைத் தளங்களில் ஏற்றும்போதும் தரும் விவரக்குறிப்பில் அதே சொல் இருக்கட்டும். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம், அந்தக் கூடுதல் வரிக்கும் செலவில்லை. ஒப்பந்தப் படிவத்தில், படிகளையும் பணத்தையும் எந்தப் பெயரில், எந்த முகவரிக்கு, எப்படிப்பட்ட உறையில் அனுப்பவேண்டும் என்று கேட்கும் ஒரு கட்டத்தைச் சேருங்கள்.

நூலகத்தாரே, தமிழ்ப் புனைகதை, கவிதை நூல்களின் பட்டியல் பதிவில் ‘தன்பாலீர்ப்புப் பெண்கள்’ என்பதையும், மக்கள் தேடக்கூடிய ‘லெஸ்பியன்’ என்பதையும் பொருள் தலைப்புகளாகச் சேருங்கள். வந்திருக்கும் நூல்களிலிருந்து தொடங்கினால் போதும். உயிரோடிருக்கும் எழுத்தாளரைப் பற்றி அல்ல, நூலைப் பற்றித்தான் அந்தக் குறிப்பு இருக்கவேண்டும். நன்கொடையாகத் தரப்படும் இத்தகைய நூல்களைப் ‘பொது வாசகருக்கு ஏற்றதல்ல’ என்று திருப்பி அனுப்பும்போது, யார், எந்த விதியின்கீழ் அப்படி முடிவுசெய்தார் என்பதை எழுத்தில் தாருங்கள். என் கையிலிருந்து இரண்டு முறை வாய்மொழியாகவே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பூட்டிய அலமாரியில் வைத்து, கேட்டால் எடுத்துத் தருகிறோம் என்றும் சொல்லாதீர்கள். கேட்க முடியாதவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சென்ற மாதம் என் கதையை வெளியிட்ட ஆசிரியருக்குத் தனியாக ஒன்று. அடுத்த இதழில் நீக்கிய இரண்டு பத்திகளையும் மாற்றிய வரியின் மூலத்தையும், திருத்தம் என்னைக் கேட்காமல் செய்யப்பட்டது என்ற குறிப்போடு வெளியிடுங்கள். இணையப் பதிப்பில் முழுக் கதையையும் நான் எழுதியபடியே மாற்றி ஏற்றுங்கள். மூலப் பிரதி மீண்டும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அன்றே அனுப்பிவைக்கிறேன்.

திருப்பூரிலிருந்து,
சிறுகதை எழுதும் ஒருத்தி